இறக்காத கை

பேய் பார்க்கிற முகம் என்று ஒன்று இருக்குமானால், சத்தியமாக அது கைகாட்டியின் முகம் அல்ல. உருண்டை முகம், எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை, தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்காத வயிறு, தலையணையில் தலை பட்டதும் வந்துவிடுகிற தூக்கம். கற்பனை என்கிற சரக்கே அவளிடம் கிடையாது. படம் பார்த்தால்கூட நடுவில் எழுந்து, "இது எப்ப முடியும்?" என்று கேட்கிற ஜாதி. கரப்பான்பூச்சிக்கு மட்டும் அலறுவாள். கடல் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு அறைத்தோழியாக வாய்த்தவள் அவள்தான். அப்போது அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வரவில்லை. அது வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பது அதிகம். அம்மா தையல்காரி. மகளைக் கடலுக்கு அனுப்ப, அந்த அம்மா கூடப் பிறந்த அண்ணனோடு சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தியிருந்தார். "பொம்பளைப் பிள்ளை கப்பல்ல போய் என்ன கிழிக்கப் போகுது? ஒரு மாசம். மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கும் பாரு" என்று அந்த மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கிளம்புகிற அன்று அம்மா இவளிடம் சொன்னது ஒன்றுதான். "போனா முடிச்சுட்டு வா. பாதியில வந்து என் மூஞ்சியில கரியைப் பூசிடாதே."

கல்லூரியின் வழக்கமோ வேறு. முதல் சில வாரங்களில் உடம்பு, கண், மனசு மூன்றையும் சோதிப்பார்கள். ஒன்றில் இடறினாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கடலில் நடுவழியில் இறக்கிவிட முடியாது என்பதால் கரையிலேயே கழித்துவிடுவார்களாம். ஆக, மாமா சொன்ன ஒரு மாசமும் கல்லூரி வைத்த கெடுவும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு அது தெரியும். காலையில் எழுந்து போர்வையை மடிக்கும்போதுகூடப் பரீட்சை எழுதுகிறவள் மாதிரி மூலைக்கு மூலை பார்த்து மடிப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அதைச் சுருட்டி வைடி, யாரும் உள்ள வந்து பார்க்கப் போறதில்ல" என்பேன். "வந்து பார்த்தா?" என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

கல்லூரி ஒரு சின்ன வளைகுடாவின் கரையில் இருந்தது. எந்த அறைக்குள் போனாலும் பெயின்ட் நாற்றம். பாசி படிந்த கல்படிகள் வழியாக இறங்கினால் படகுத்துறை. அங்கே ஒரு கொடிமரம். அதன் கயிறு காற்றில்லாத வேளையிலும் கம்பத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். வந்த முதல் நாளே எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிற நேரத்தில்கூட அந்தத் தண்ணீரின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனசு வராது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்களுக்குப் படகுப் பயிற்சி கொடுத்தவரைச் 'சுக்கான் சார்' என்று கூப்பிடுவோம். எப்போது பார்த்தாலும் படகின் பின்புறம் சுக்கான் கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், அதனால். வயதானவர், அதிகம் பேசாதவர். அவரிடம் இரண்டு விசித்திரமான பழக்கங்கள் இருந்தன. ஒன்று, படகில் ஏறினாலும் இறங்கினாலும் எங்களை வாயால் எண்ண மாட்டார். ஒவ்வொருவர் தலையிலும் உள்ளங்கையை வைப்பார். "இருக்கேன் சார்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொல்லும்வரை கையை எடுக்க மாட்டார். தலைமுடி கலைந்துபோகிறதே என்று நான் முணுமுணுப்பேன்.

இன்னொன்று, மாப்பிள்ளை விஷயம். தண்ணீரில் விழுந்த ஆளை மீட்கும் பயிற்சிக்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று உண்டு. எங்களைப் போலவே ஆரஞ்சு ஓவரால், எங்களைப் போலவே லைஃப் ஜாக்கெட். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரும் தூக்கிக் கொண்டாடுவதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தோம். அந்த மாப்பிள்ளையைப் படகில் உட்கார வைக்கக் கூடாது. அடித்தட்டில் குப்புறப் போட்டு, மேலே தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். ஒரு நாள் வகுப்புப் பையன் ஒருவன் விளையாட்டாக அதைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டான். அதிகம் பேசாத அந்த மனிதர் அன்று போட்ட சத்தத்தில் மெஸ்ஸில் இருந்தவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள்.

பயிற்சியின் விதி இது. ஆள் விழுந்ததை முதலில் பார்த்தவர், "ஆள் தண்ணீரில்!" என்று கத்திவிட்டு அந்த ஆளை நோக்கிக் கையை நீட்ட வேண்டும். அதன் பிறகு அவருக்கு வேறு வேலை கிடையாது. கயிறு எறியக் கூடாது, துடுப்பைத் தொடக் கூடாது, திரும்பக் கூடாது. ஒரு அலை மறைத்தால் போதும், மனிதத் தலை கடலில் காணாமல் போய்விடும். படகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கை ஆளையே காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டே சமயத்தில்தான் அதை இறக்கலாம். ஆள் படகுக்குள் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவர் வந்து, நீட்டிய கையோடு கன்னத்தை வைத்துப் பார்த்து, தன் கண்ணால் ஆளைக் கண்டு, தன் கையையும் நீட்டி, "பார்த்துவிட்டேன், கையை இறக்கு" என்று சொல்ல வேண்டும். கேப்டனே கட்டளை போட்டாலும் சரி, பார்க்காதவர் சொல்லி அந்தக் கை இறங்கக் கூடாது.

இரண்டாவது வாரம் வளைகுடாவின் நடுவே போய் மாப்பிள்ளையைத் தூக்கி எறிந்தோம். அவள்தான் முதலில் கத்தினாள், கையை நீட்டினாள். நாங்கள் மிதவை வளையத்தை எறிந்து, படகைத் திருப்பி, தட்டுத் தடுமாறி மாப்பிள்ளையை இழுத்து உள்ளே போட்டுத் தார்ப்பாயால் மூடினோம். எல்லோரும் மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் கை மட்டும் இறங்கவில்லை.

"எடுத்தாச்சுடி, இறக்கு" என்றேன்.

"இன்னும் ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

அவள் காட்டிய பக்கம் ஒன்றும் இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த தண்ணீர்; அதன்மேல் வெயில். சுக்கான் சார் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்து வந்து ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார். "இருக்கேன் சார்", "இருக்கேன் சார்." தார்ப்பாயைத் தூக்கி மாப்பிள்ளையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். எல்லோரும் இருந்தோம். பிறகு படகைத் திருப்பினார். படகு அரைவட்டம் அடித்தபோது எங்களுக்கு எது கிழக்கு, எது மேற்கு என்றே தெரியவில்லை. அவள் கையோ, கடலில் ஆணி அடித்து நூல் கட்டிய மாதிரி ஒரே இடத்தைக் காட்டியபடி மெதுவாகத் திரும்பியது. அதைப் பார்த்துத்தான் என் சிரிப்பு நின்றது.

கிட்டே போகப் போக அந்தக் கை தாழ்ந்தது. கடைசியில் எங்கள் படகின் ஓரத்தில், நேராகக் கீழே, தண்ணீரைக் காட்டியது. சுக்கான் சார் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் கையோடு தன் கையை நீட்டி, "பார்த்துட்டேன். இறக்கும்மா" என்றார்.

இறக்கினாள். உடனே, "ஐயோ, முங்கிட்டார்" என்றாள். சாதாரணமாக, அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

கைகாட்டி என்கிற பெயர் அன்று சாயங்காலமே மெஸ்ஸில் வைக்கப்பட்டுவிட்டது. அறைக்கு வந்ததும் நான் கதவைச் சாத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி விளையாட்டு இது? ஹீரோயினா நீ?"

"விளையாடலடி. ஆள் இருந்தார். சின்னப் பையன்தான், நம்ம வயசு இருக்கும். ஜாக்கெட் அவருக்குப் பெருசு, காது வரைக்கும் ஏறிக் கிடந்தது. கத்தல, கையை ஆட்டல. சும்மா பார்த்துக்கிட்டு இருந்தார்."

"உன்னையா?"

"என் கையை." ஓவராலை மடித்துக்கொண்டே சொன்னாள். "கை நீட்டியிருந்தா மேல இருக்கார். இறக்கினா முங்கிடுறார். சார் உண்மையில பார்க்கலடி. பார்த்திருந்தா அவர் முங்கியிருக்க மாட்டார்."

அவள் மடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், படுத்தாள், தூங்கிவிட்டாள். ஜன்னலுக்கு அப்பால் அந்தக் கயிறு கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை துறையில் நின்று வளையம் எறியும் பயிற்சி. எல்லோரும் எறிந்துகொண்டிருக்க, இவள் வளையத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். நல்ல வெளிச்சம், அலைகூட இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் முதல்வர் அந்தப் பக்கமாக வந்தார். அவர் மிடுக்கான மனிதர். சட்டைக்குப் போட்ட கஞ்சியில் பாதி கழுத்துக்கும் போட்டிருப்பார். கையை இறக்கச் சொன்னார். இவள் மாட்டேன் என்றாள். சுக்கான் சார் ஓடி வந்து மறுபடியும் அந்தப் பொய்யைச் சொன்னார். கை இறங்கியது. இவள் கண்ணை மூடிக்கொண்டாள், முங்குவதைப் பார்க்க வேண்டாம் என்று.

அதன் பிறகு கல்லூரியில் பேச்சு மாறியது. முதலில் கேலி செய்தவர்கள் பிறகு அவள் பக்கத்தில் உட்காருவதை விட்டார்கள். மெஸ்ஸில் அவள் உட்கார்ந்த மேசையில் நானும் அவளும் மட்டும். அவள் எப்போதும் போல இரண்டாம் தடவை சோறு வாங்கினாள்.

வரைபட வகுப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளை இரண்டு மூன்று இடங்களிலிருந்து திசைகாட்டியில் பார்த்து, அந்தக் கோடுகளை வரைபடத்தில் போட்டால், அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் அந்தப் பொருள் இருக்கும். எங்களுக்கு அப்போது அதுதான் பாடம். பொய் என்றால் கோடுகள் ஆளுக்கொரு பக்கம் போகும். அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபித்துவிட்டால் எனக்கும் நிம்மதி, அவளையும் நாலு திட்டு திட்டித் திருத்தலாம். அன்று படகு நின்ற இடமும், அங்கிருந்து அவள் கை போன திசையும் எனக்கு நினைவிருந்தன. கலங்கரை விளக்கத்துக்குச் சற்று இடப்பக்கம். துறையிலிருந்து போனது எதிர்க்கரைப் பாறையின் நுனிக்கு. மாடி வராந்தாவுக்கு அவளைக் கூட்டிப்போய், "இங்கேயிருந்து தெரியுதா?" என்று கேட்டேன். யோசிக்காமல் கையை நீட்டினாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்று கோடுகளும் ஒரு பென்சில் புள்ளியில் சந்தித்தன. பாடத்தில் நாங்கள் போட்ட கோடுகள் எதுவும் அவ்வளவு சுத்தமாகச் சந்தித்ததில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, சுக்கான் சார் வந்து பின்னால் நின்றது தெரியவில்லை.

"யார் சொன்னா உனக்கு இந்த இடம்?"

"யாரும் சொல்லல சார். அவ கை போன கோட்டைப் போட்டேன்."

என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். புள்ளியைத் தொடாமல், அதைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார்.

"ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, ஒல்லின்னு ஒரு பையன் இங்க படிச்சான். ஜாக்கெட் அவனுக்குப் பெருசு. பயிற்சி முடிஞ்சு பொம்மையை உள்ள போட்டோம். யாரோ விளையாட்டுக்கு அதை உக்கார வச்சிருக்காங்க. அதுக்கும் அதே ஓவரால், அதே ஜாக்கெட். மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் பின்னாடியிருந்து எண்ணினேன். எண்ணிக்கை சரியா இருந்தது."

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"கை நீட்டிக்கிட்டு இருந்தவன், 'இன்னும் ஒருத்தர் இருக்கார் சார்'னு சொன்னான். நான் திட்டினேன். எண்ணியாச்சு, எல்லாரும் இருக்காங்க, கையை இறக்குடான்னு திட்டினேன். இறக்கிட்டான். துறைக்கு வந்து எல்லாரும் படியேறிட்டாங்க. ஒருத்தன் மட்டும் எழுந்திரிக்கல. தூங்கிட்டானாக்கும்னு போய்த் தோளைத் தட்டினேன்." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "பொம்மை."

"கிடைச்சாரா சார்?"

"கிடைக்கல. அவங்க அம்மா இருக்காங்க, இங்கேயிருந்து பஸ்ல போற தூரம். அப்பப்போ போய்ப் பார்ப்பேன். கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பார்ப்பாங்க. அப்புறம்தான் என்னை உள்ள கூப்பிடுவாங்க."

ரப்பரை எடுத்து என் கோடுகளை அழித்தார். புள்ளியை மட்டும் அழிக்கவில்லை.

முதல்வர் டாக்டரை வரவழைத்தார். அந்த டாக்டர் தங்கமான மனுஷன். எனக்குப் பயமே அதுதான். முரட்டு ஆளாக இருந்தால் இவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இவர் அன்பாகக் கேட்டார், இவளும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நாளைக் காலை துறையில் அவர் கண்ணெதிரே பயிற்சி. பொம்மையை எடுத்த பிறகும் கை நீண்டு நின்றால், மனசு சரியில்லை என்று அவர் சொல்லிவிடுவார், சாயங்காலமே பெட்டி. இதை முதல்வரே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் நான் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அதனால் கெஞ்சலும் திட்டு மாதிரியே வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நில்லுடி. உங்க அம்மா மூஞ்சியை நினைச்சுக்கோ. உங்க மாமா பல்லைக் காட்டிக்கிட்டு வாசல்ல நிப்பார், அதை நினைச்சுக்கோ."

"நினைக்காம இருப்பேனா?" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "எனக்கு இங்கேயிருந்து போகணும்னு ஆசையா? ஆனா பார்த்தா கை நீட்டணும்னுதான சொல்லிக் குடுத்தாங்க. பார்த்துட்டும் நீட்டாம நின்னா அப்புறம் என்னை நம்பி எவன் கப்பல்ல ஏறுவான்? அவர் என் கையை மட்டும்தான்டி பார்க்கிறார். வேற எதையும் பார்க்கல."

அன்று அவள் தூங்கவில்லை. போர்வைக்குள் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் துறையில் நாங்கள் வரிசையாக நின்றோம். படகு கட்டியே இருக்க வேண்டும், நகரக் கூடாது என்று முதல்வர் உத்தரவு. சுக்கான் சார் அதில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையைக் கயிறு கட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். இவள் கத்தினாள், கை நீட்டினாள். கயிற்றை இழுத்தார்கள். மாப்பிள்ளை கல்மேல் வந்து சொட்டச் சொட்டக் கிடந்தது.

கை இறங்கவில்லை. மாப்பிள்ளையை விட்டு நகர்ந்து, தூரமாக, எனக்குத் தெரிந்த அந்தப் புள்ளிக்குப் போய் நின்றது.

"இறக்கு" என்றார் முதல்வர்.

"ஆள் தண்ணில இருக்கார் சார்."

டாக்டர் கிட்டே வந்தார். "நான் சொல்றேன், இறக்கும்மா. கை வலிக்கும்."

"நீங்க பார்க்கலையே சார்."

அவள் முகமெல்லாம் கண்ணீர். கை மட்டும் நடுங்கவில்லை. டாக்டர் முதல்வரைப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் அவள் அம்மாவின் தையல் மெஷின், மாமாவின் பல், எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்தேன். அவள் பின்னால் நின்று தோளோடு கன்னத்தை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெயிலும் தண்ணீரும்தான். இருந்தாலும் என் கையை அவள் கையோடு நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பார்த்துவிட்டேன், கையை இறக்கு" என்றேன்.

பொய்தான். அவளுக்கு மட்டும் பைத்தியம் என்று சொல்ல முடியாமல் போகட்டும், இருந்தால் இரண்டு பேருக்குமாக இருக்கட்டும் என்று சொன்ன பொய். அவள் கையை இறக்கினாள்.

அதன் பிறகுதான் பார்த்தேன்.

என் விரல் நுனியில் ஒரு தலை இருந்தது. முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஆரஞ்சு ஜாக்கெட் காது வரை ஏறியிருந்தது. சிற்றலைகள் வந்தன, அவரைச் சுற்றிக்கொண்டு போயின. வாய் மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் தன்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஓட வேண்டும் போல இருந்தது. கையை மடக்கிக்கொண்டு ஹாஸ்டல் வரை ஓட வேண்டும் போல. மடக்கினால் என்ன ஆகும் என்று தெரியும்.

"முங்கலடி!" என்று கைகாட்டி கத்தினாள். "நான் இறக்கிட்டேன், அவர் முங்கல! நீ நிஜமாவே பார்த்துட்டே!"

மரத்துப்போன தோளைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இத்தனை நாளும் காட்டியது அவள் ஒருத்திதான். காட்டுகிறவள் மீட்கப் போக முடியாது. மீட்க வேண்டியவர்களுக்கோ அவர் தெரியவில்லை. இப்போது அவள் கை சும்மா இருந்தது. பாசிப் படிகளில் தடதடவென்று இறங்கிப் படகில் குதித்தாள். "போட் நகரக் கூடாது!" என்று முதல்வர் கத்தியபோது சுக்கான் சார் கயிற்றை அவிழ்த்து முடித்திருந்தார்.

தண்ணீர் மட்டத்தில் இருப்பவர்களுக்குத் தூரத்துத் தலை தெரியாது. அவள் திரும்பித் திரும்பி என் கையைப் பார்த்து வழி சொன்னாள். படகு அந்தப் புள்ளிக்குப் போனதும் சுக்கான் சார் இன்ஜினை நிறுத்தினார். அவள் ஓரத்தில் மண்டியிட்டுக் குனிந்தாள். இரண்டு கையையும் தோள்வரை தண்ணீருக்குள் விட்டாள்.

படகு சாய்ந்தது. ஒரு பெண் குனிந்தால் சாய்கிற சாய்வு அல்ல அது. நனைந்த ஆளை இழுக்கும்போது விளிம்பு தண்ணீரைத் தொடுமே, அந்தச் சாய்வு. துறையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது, யாரோ, "அம்மா!" என்றார்கள். சுக்கான் சார் சுக்கானை விட்டுவிட்டு ஓடி வந்து அவளோடு சேர்ந்து பிடித்தார். இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் விழுந்தார்கள். படகு குலுங்கி நேராக நின்றது. என் விரல் நுனியில் வெறும் தண்ணீர் இருந்தது. கையை நான் இறக்கவில்லை, அதுவே இறங்கிவிட்டது.

திரும்பி வந்தபோது அவள் கழுத்திலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தாள். பல் கிடுகிடுத்தது. ஒரு கையால் பக்கத்து இருக்கையை அணைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுக்கான் சார் அவள் தலையில் உள்ளங்கையை வைத்தார். "இருக்கேன் சார்." பிறகு அந்தக் காலி இருக்கையின் மேலே, ஒரு தலை இருக்க வேண்டிய உயரத்தில், கையை வைத்துக் காத்திருந்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் மட்டும், "சரிப்பா" என்று சொல்லிக் கையை எடுத்தார்.

அவர்கள் படியேறி வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒதுங்கினோம். குறுகலான படி, இருவருக்கு வேண்டியதைவிட அதிகமாகவே ஒதுங்கினோம். யாருக்கும் வழிவிட்டு நான் பார்த்திராத எங்கள் முதல்வர், சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

அவர்கள் மேலே போன பிறகு முதல்வர், "என்ன சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்டார்.

"போட் சாய்ஞ்சதை நானும் பார்த்தேன். இந்தப் பொண்ணுக்குக் கண்ணு நல்லாருக்கு. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கைகாட்டி தங்கினாள், படித்து முடித்தாள், இன்று பெரிய சரக்குக் கப்பலில் அதிகாரி. அவள் காவல் நேரத்தில்தான் நிம்மதியாகத் தூங்குவோம் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாமா இப்போது, "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறாராம். அவள் அதன் பிறகு எதையும் பார்த்ததில்லை. நானும்தான். என்ன, கடலில் வெயில் பளபளக்கிற இடத்தை மட்டும் நான் உற்றுப் பார்ப்பதில்லை.

அன்று மதியம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் ஹாஸ்டல் மாடியில் நின்றிருந்தோம். அவளுக்கு உடுப்பு மாற்றியும் குளிர் விடவில்லை. சுக்கான் சார் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். வேகமாக நடக்கிறவர், அன்று மெதுவாக நடந்தார். வலது கையை உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"எங்கடி போறார்?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பையனின் அம்மாவைப் பற்றி அதுவரை நான் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பஸ் வந்து நின்றது. சுக்கான் சார் படியில் உடனே ஏறவில்லை. ஓரமாக ஒதுங்கி, யாரோ ஏறுவதற்கு நேரம் கொடுத்தார். கண்டக்டர் விசில் ஊதிய பிறகு தானும் ஏறினார். பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போது பார்த்தோம். ஜன்னலோர சீட்டை விட்டுவிட்டு உள்பக்கம் உட்கார்ந்திருந்தார்.